கடல் பக்கம் அடித்த பந்து

எங்கள் தரையில் நேராக அடித்த பந்து நேராகப் போய் விழுந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. கற்பிட்டியில் தென்மேற்குப் பருவச் சோளகம் தொடங்கிவிட்டால் பிற்பகலில் கடலில் இருந்து காற்று ஒரே பிடியாக அடிக்கும். குடை பிடிக்க முடியாது. கொடியில் போட்ட உடுப்பைப் பக்கத்து வளவில் போய் எடுத்துவர வேண்டும். அந்தக் காற்றில்தான், சுற்றிவர ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பந்தை வைத்துக்கொண்டு நானும் மச்சானும் 'பிக்கிள்போல்' என்கிற மட்டையாட்டம் பழகினோம். இதைச் சொன்னால் ஆட்கள் இப்போதும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மச்சான் என் மனைவியின் நானா, அவளுக்கு மூத்த அண்ணன். காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு வேன் ஓட்டுகிறவர். அப்படி வந்த ஒருவர் திரும்பிப் போகும்போது நாலு மட்டையும் ஒரு பை பந்தும் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்குக் கிட்ட, யாரோ ஐஸ் தொழிற்சாலை கட்டுவதாகச் சொல்லிச் சீமெந்துத் தரையை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திய இடம் ஒன்று இருந்தது. அதில் வெள்ளைக் கோடு போட்டு, நடுவில் பழைய மீன்வலையை இடுப்பளவுக்குக் கட்டினோம். வலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் ஒரு பட்டை உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் சமையலறை என்றுதான் பெயராம். நாங்கள் குசினி என்போம். குசினிக்குள் நின்றுகொண்டு, நிலத்தில் படாமல் வரும் பந்தை அடிக்கக்கூடாது. ஆட்டத்தின் வில்லங்கமெல்லாம் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது.

ஆரம்பத்தில் எங்களுக்கு அது தெரியாது. பட்மின்டன் அடித்த கை, எல்லாவற்றையும் ஓங்கி அடித்தோம். கொஞ்சம் தேறிய பிறகுதான் விளங்கியது, ஓங்கி அடிக்கிறவனுக்கு இதில் மேலே போக வழியில்லை என்று. பின்கோட்டில் நின்று பந்தை மெதுவாகத் தூக்கி, எதிராளியின் குசினிக்குள் செத்ததுபோல விழப்பண்ண வேண்டும். அவன் குனிந்து அதை எடுக்கிற நேரத்தில் நாங்கள் இருவரும் வலைக்கு நடந்துவிட வேண்டும். வலையை யார் முதலில் பிடிக்கிறார்களோ அவர்கள் கைதான் மேல்.

சொல்ல லேசு. எனக்கு மெதுவாக அடிப்பது என்பது உயிர் போகிற வேலை. யுத்தத்தில் மன்னாரில் இருந்து முஸ்லிம்களான எங்களைத் துரத்தியபோது நான் சின்னப் பிள்ளை. முகாமில் கிடுகு வேய்ந்த பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டு வெங்காயப் பாத்திக்குப் போனவன். அன்றிலிருந்து எதற்கும் முன்கூட்டியே பயந்து வைத்துக்கொள்வது என் வழக்கம். மழை வருமோ, வராதோ, இலை சுருளுமோ, மோட்டார் எரியுமோ. பந்து வருகிறது என்றாலும் அப்படித்தான். அது வந்து சேரும்வரை எனக்குப் பொறுக்காது. பாய்ந்து அடித்துவிடுவேன்.

"பொறு, மச்சான், பொறு!" என்று மச்சான் கத்துவார். "அது ஒன்னெக் கடிக்க வரல்ல. பந்து!"

"பொறுத்தா பிந்திப் போகுதே."

"பிந்தட்டும். பஸ்ஸா அது?"

அந்த நேரத்தில்தான் சிலாபத்தில் ஒரு மண்டபத்துக்குள் சோடி சோடியாகப் போட்டி வைக்கிறார்கள் என்று கதை வந்தது. மச்சான் எங்கள் இருவரின் பெயரையும் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் என்னிடம் சொன்னார்.

"கோவிக்காத. பேங்க்ல இரிக்கிறாரே, உசரமா, கண்ணாடி போட்டவர். அவர் என்னெக் கேட்டுட்டுத்தான் இரிக்கார், ரெண்டு பேரும் சோடி சேருவமான்டு. நான் ஒண்டும் சொல்லல்ல. நாம சிலாபத்துல மொத ஆட்டமாவது வெண்டா, மறுகா கதையே இல்ல, நீதான் என்ட சோடி. மொத ஆட்டத்தோட திரும்பி வந்தா…"

"வந்தா?"

"வந்தா பாப்பமே."

அந்தப் 'பாப்பமே'யைத் தூக்கிக்கொண்டுதான் நான் அந்த மாதம் முழுக்கத் திரிந்தேன். மனிதனுக்கு இதெல்லாம் ஒரு கவலையா என்று கேட்கலாம். நாள் முழுக்க வெயிலில் பாத்தி கட்டுகிறவனுக்கு, அஸர் தொழுகைக்கும் பொழுதுபடும் மஃரிபுக்கும் இடையில் உள்ள அந்தக் கொஞ்ச நேரம்தான் தன் நேரம். அதில் என்னோடு நிற்கிற ஒரே ஆள் மச்சான். அவர் போனால் நான் சுவரோடுதான் ஆடவேண்டும்.

ஆகவே பழகினேன். கையிறுக்கத்தை விட்டேன். மட்டையை முட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். பந்து நிலத்தில் பட்டு எழும்பித் தணியும்வரை வாய்க்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டு நின்றேன். மெதுவாகத் தூக்கினேன். ஆனால் தூக்கிய பந்தைக் காற்று அள்ளிக்கொண்டுபோய் கடலுக்கு மறுபுறம், ஏரிப் பக்கக் கோட்டுக்கு வெளியே போட்டது. மெல்ல அடிக்க அடிக்கக் காற்றுக்குத்தான் கொண்டாட்டம்.

மச்சான்தான் வழி கண்டுபிடித்தார். "கடல் பக்கம் அடி. கோட்டுக்கு வெளியே போனாலும் பயப்படாத. காத்துக் கொண்டாந்து போடும்."

சரியாகவே வந்தது. எனக்கு அது புதிதும் இல்லை. சோளகக் காலத்தில் ஸ்பிரிங்ளரைப் பாத்திக்கு நடுவில் வைத்தால் தண்ணீர் பாத்தியில் விழாது. கடல் பக்கமாகத் தள்ளி வைத்தால் காற்று தண்ணீரைத் தூக்கிவந்து பாத்தியில் ஊற்றும். பந்தும் அப்படியே. ஒரு முழம் வெளியே குறிவைத்தேன், வளைந்து வந்து குசினிக்குள் விழுந்தது. வெளியே போகிற பந்து என்று எதையும் விடக்கூடாது என்பதையும் பழகினோம். கடல் பக்கக் கோட்டைத் தாண்டிப் போகிற பந்தும் எங்கள் தரையில் திரும்பி உள்ளே வந்துவிடும். பக்கம் மாறினாலும் குழப்பமில்லை. கடல் எந்தக் கைப்பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் அடித்தால் போதும். யோசிக்காமலே கை போகிற அளவுக்கு வந்துவிட்டது. மச்சான் தலையை ஆட்டி, "இப்பதான் நீ ஆட்டக்காரன்" என்றார். அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை.

போட்டி நாள் விடிய முதலே என் கவலைகள் எழும்பிவிட்டன. சப்பாத்துக்குள் மண் இருக்குமோ. மண்டபத் தரை வழுக்குமோ. வேன் வழியில் நிற்குமோ. மனைவி தேத்தண்ணியை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நம்மட நிக்காஹ் அன்டைக்கும் இப்பிடித்தானே நிண்டீங்க" என்றாள். "அதுவும் நடந்து முடிஞ்சிச்சுத்தானே. போங்க. நானாவெ ஏசாம வாங்க."

முந்தலில் வேனை நிறுத்தி மச்சான் பாணும் சம்பலும் சாப்பிட்டார். பந்தின் நிறம் வேறாக இருந்தால் கண் பிடிக்காதே என்று அவரிடம் சொன்னேன். மச்சான் வாயில் பாணோடு, "ஒன்ட கவலையெல்லாத்தையும் ஏத்தினா இந்த வேன் டயர் வெடிச்சிரும்" என்றார். கவலைப்படவேண்டிய அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நான் கவலைப்பட்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மண்டபம் பெரியது. நாங்கள் உள்ளே போனபோது ஒருவர் யன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தார். இன்னொருவர் மின்விசிறிகளை நிறுத்தினார். பந்து அலையக்கூடாதாம். கதவும் சாத்தினார்கள். வியர்வை உடனே கொட்டத் தொடங்கியது. எனக்கு மூச்சு முட்டுகிறது என்றுதான் நினைத்தேனே தவிர, வேறு ஒன்றும் தோன்றவில்லை.

எதிரில் நின்றது தலை நரைத்த ஒரு சிங்கள மாஸ்டரும் அவர் மகளும். மகளின் முழங்காலில் பட்டி கட்டியிருந்தது. "லேசா முடியும்" என்று மச்சான் என் காதுக்குள் சொன்னார்.

முதல் பந்தை மச்சான் போட்டார். வெளியே. அடுத்து அவர்கள் போட்டதை மச்சான் திருப்பினார், அவர்கள் அடித்தது என்னிடம் வந்தது. நான் பொறுத்தேன். பிஸ்மி சொன்னேன். மெதுவாகத் தூக்கினேன். இவ்வளவு அழகாக நான் ஒருநாளும் தூக்கியதில்லை. பந்து கோட்டுக்கு ஒரு முழம் வெளியே போனது. அங்கேயே விழுந்தது. நான் அது திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதன்பிறகு ஒவ்வொன்றும் அப்படியே. மாஸ்டர் எங்கள் பந்துகளைத் தொடவே இல்லை. "அத்த அரின்ன, அத்த அரின்ன" என்று மகளிடம் சொல்லிக்கொண்டு நின்றார். விட்டுவிடு, விட்டுவிடு. அவர்கள் ஆடத்தேவையே இருக்கவில்லை. சும்மா நின்றார்கள், புள்ளிகள் ஏறின.

"நேரா அடி!" என்றார் மச்சான்.

"நேராத்தான் அடிக்கிறேன் மச்சான். நீங்க அடிக்கிறதும் வெளியேதானே போகுது."

"இங்க ஏதோ கோணல் இரிக்கி. வலையெக் கோணலாக் கட்டியிருப்பானுகள்."

"காத்தில்ல மச்சான்."

"என்ன?"

"காத்து இல்ல. நாம கடல் பக்கம் அடிச்சிட்டு நிக்கிறோம்."

மச்சான் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார், யாரோ தன் காற்றைக் களவெடுத்துவிட்டதுபோல. "இங்க கடல் எங்க இரிக்கி?" என்று கேட்டார். பக்கத்துத் தரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மூன்று சுற்றில் இரண்டை வெல்ல வேண்டிய ஆட்டத்தில் முதல் சுற்று போய்விட்டது. இரண்டாவதில் நான் ஒவ்வொரு பந்துக்கும் கையைத் திருத்தினேன். யோசித்து அடித்தால் உள்ளே விழுந்தது. மச்சானும் திருந்தினார். மெல்லப் பிடித்து ஏறி வந்து, ஒன்பதுக்கு ஒன்பது ஆனோம். நாங்கள் வலைக்கே வந்துவிட்டோம், அவர்கள் பின்கோட்டில். என் நெஞ்சு அடித்தது எனக்கே கேட்டது. நெஞ்சு அடித்தால் யோசனை போய்விடும். யோசனை போனால் கை மறுபடி கடலுக்குப் போய்விடும். ஒரு பந்து அப்படிப் போனது. அவர்களுக்குப் பத்து, எங்களுக்கு ஒன்பது. பதினொன்று எடுத்தால் வெற்றி.

கடைசிப் பந்தை மகள் உயர்த்தி அடித்தாள். அது எனக்கு மேலால் பக்கக் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பார்த்தால் குருடனுக்கும் தெரியும், வெளியே.

"விடு!" என்று மச்சான் கத்தினார். "விடு, விடு!"

எங்கள் தரையில் அந்தப் பந்து உள்ளே வரும். என் காலுக்கு அதுதான் தெரியும். ஓடிப்போய்க் கோட்டுக்கு வெளியே நின்று அதை அடித்தேன். வலையில் விழுந்தது.

திரும்பி வரும்போது மச்சான் ஏசியிருந்தால் பரவாயில்லை. பாலாவிக்கு வந்ததும், "வெங்காயம் எப்ப கிண்டுற?" என்று கேட்டார். அந்தப் 'பாப்பமே'யின் அர்த்தம் எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த கிழமை பேங்க்காரர் எங்கள் தரைக்கு வந்தார். மச்சானும் அவரும் ஒரு பக்கம், நானும் யாராவது அகப்பட்டவரும் மறுபக்கம். பேங்க்காரர் நேராக, அழகாக அடித்தார். எல்லாம் ஏரிப் பக்கம் பறந்தது. மச்சான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்: "கடல் பக்கம் அடிங்க, சேர். காத்துக் கொண்டாந்து போடும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், அதெப் பழக்காதீங்க. அவர்ட கையும் கெட்டுப் போகும்."

"ஏன், ஒனக்குப் பொறாமையா?"

பொறாமையும்தான். ஆனால் சொன்னது உண்மை. உண்மையைப் பொறாமைக்காரன் சொன்னால் அது எடுபடாது. மட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் வெங்காயம் விற்று முடிந்து கொட்டில் காலியானது. காற்று நுழையாதபடி சுற்றிவரத் தார்ப்பாய்ப் படங்கை இறக்கிக் கட்டினேன். குறுக்கே ஒரு கயிறு, வலை உயரத்துக்கு. காலையில் மோட்டார் போடுவதற்கு முதல் அதற்குள் நின்று தனியே பந்தைத் தூக்கிப் போட்டுப் பழகினேன். உள்ளே சூளை மாதிரிச் சூடு. வெங்காயத் தோல் பறந்து கண்ணில் விழும். அதைவிட எரிச்சல், காலையில் நேராகப் பழகிய கை மாலையில் தரைக்குப் போனால் பிழைத்தது. மாலையில் திருத்தினால் அடுத்த காலையில் பிழைத்தது. இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு கை வேண்டும். படங்கை அவிழ்த்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் கட்டினேன்.

சோளகம் முடியப்போகிற ஒரு காலையில் படங்கை விலக்கிக்கொண்டு மச்சான் உள்ளே வந்தார். கையில் மட்டை. பேங்க்காரரோடு புத்தளத்தில் ஒரு மண்டபத்துக்கு ஆடப் போனவர் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

"அவருக்கு இனி நேரமில்லையாம்" என்றார். கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தார். "என்ட கைதான் பிழையாம், மச்சான். எல்லாம் ஒரு பக்கமாப் போகுதாம். மொகத்துக்கு நேராச் சொல்றான்."

நான் சொன்னேனே என்று சொல்ல வாய் வந்தது. அதை விழுங்குவதற்கு நான் பட்ட பாடு பெரிது. அடுத்த போட்டிக்கு நான்தான் சோடியா என்று கேட்கவும் பயம். கேட்டால் மறுபடி 'பாப்பமே' என்றுவிடுவார்.

பந்தை அவரிடம் போட்டேன். தூக்கி அடித்தார். அது கயிற்றைத் தாண்டி, பக்கத்தில் தொங்கிய படங்கில் போய் அடித்து விழுந்தது. கடல் பக்கம்தான். அவர் வாய்க்குள் ஏதோ ஏசிவிட்டுப் பந்தை எடுத்து வந்தார்.

"என்ன பாத்துட்டு நிக்கிற?" என்றார். "அந்தப் பக்கம் படங்கெ நல்லா இறுக்கிக் கட்டு. காத்து வருது."