ஏலத்தில் போன குட்டன்

துபாய் ஓட்டலுக்குச் சமைக்கப் போன மாமா, அங்கிருந்து தஜிகிஸ்தானுக்குப் போய், மலையில் ஒரு வேட்டை முகாமுக்குச் சமையல்காரரானார். விடுமுறைக்கு வந்தவர் போனில் ஒரு படம் காட்டினார். சுருண்ட கொம்போடு ஒரு காட்டுச் செம்மறிக் கிடா செத்துக் கிடந்தது. பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரர். பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு மாமா. எனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு மாமாமேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

"மொதல்ல அங்க கண்டவனெல்லாம் சுட்டான் மக்கா, குட்டிகூட மிஞ்சாது. இப்ப ஊர்க்காரங்களே காவல் நிக்காவ. வருசத்துல ஒரு கிழட்டுக் கிடாய மட்டும் சுட விடுவாவ. அதுக்கு வெள்ளக்காரன் குடுக்க பணத்துலதான் காவலுக்குச் சம்பளம், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு. இப்ப மலை நெறைய ஆடாக்கும்."

"செத்த ஆட்டுக்கு என்ன கெடச்சு?" என்றேன். மாமா என் தலையில் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அந்த வாரம் கருங்கல் பக்கத்தில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த பூசணி, வாழைக்குலை, சேவல் எல்லாம் ஏலத்துக்கு வரும். கண்டபடி விலையேற்றி எடுப்பதில்தான் பெருமை. மாமா பத்திரமாக வந்து சேர்ந்தால் குட்டனைத் தருவதாக அம்மா நேர்ந்திருந்தாள். குட்டன் நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? அழுது தீர்த்தேன்.

"கரையாத மக்கா, நான் எடுத்துத் தாறேன்" என்றார் மாமா.

எடுக்கத்தான் பார்த்தார். ஒரு தேங்காய் வியாபாரி விடவில்லை. இருவரும் ஏற்ற ஏற்றக் கூட்டம் கைதட்டியது. பாதியில் நின்ற ட்யூஷன் அறைக்குக் கூரை வந்துவிட்டதென்று போதகருக்கு வாயெல்லாம் பல். அந்தக் கூரைக்குக் கீழேதான் பிறகு நான் கணக்குப் படித்தேன். கடைசியில் மாமாவின் கை இறங்கியது. வியாபாரி குட்டனை மறுநாள் சபை விருந்துக்கே கொடுத்துவிட்டார்.

"நீங்கதான் வெலய ஏத்தி விட்டிய! அந்த மலைக் கிடாயக் கொன்னது போராதா?" எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

விருந்துக் கறிக்கு மாமாதான் கரண்டி பிடித்தார். ஊரே சப்புக்கொட்டிச் சாப்பிட்டது. நான் இலைப்பக்கம் போகவில்லை. கடைசிப் பந்தியில் மாமா இலையிலும் சோறும் மோரும் மட்டும்.

"வயிறு செரியில்லக்கா" என்றார் அம்மாவிடம்.

ஆட்டைக் கொன்ற பாவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது, நல்லா வேணும் என்று எனக்கு உள்ளம் குளிர்ந்தது. அன்று சாயங்காலமே மாமா மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டார். எதிரில் உட்கார்ந்து அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.