சவுக்குத் தோப்பில் நாய் பழக்கினோம்

எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு வந்த என் வருங்கால மாமனார், பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். என் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாம்பாரில் ஏதாவது கிடந்ததோ என்று அப்பா பின்னாலேயே ஓடினார். பார்த்தால், பந்தலுக்குப் பின்னால் எங்கள் பெட்டை நாய் ஒரு பெருச்சாளியைப் பிடித்து உதறிக்கொண்டிருக்கிறது, அவர் எச்சில் கையோடு நின்று ரசிக்கிறார்.

"சம்பந்தி, இது குட்டி போட்டா எனக்கு ஒண்ணு வேணும்" என்றார். அன்று அவர் எங்களிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கு மேற்கே. நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற ஊர் என்பதால் எலிக்குப் பஞ்சமில்லை. அதனால் அப்பா எப்போதும் வேட்டை நாய் வைத்திருப்பார். எனக்கும் அவற்றைப் பழக்கத் தெரியும். மரக்காணத்தில் மாமனாருக்குக் குத்தகை உப்பளம். அளத்தின் கரையைப் பெருச்சாளி துளைத்துத் துளைத்து, பாத்தியில் நிறுத்திய தண்ணீர் ஓடிவிடுகிறது என்பது அவருடைய நெடுநாள் வருத்தம்.

2005 ஆவணியில் கல்யாணம். மறுவீட்டுக்கு வந்து திரும்பும்போது அப்பா ஒரு ஒயர் கூடையில் குட்டியை வைத்து, மேலே துண்டு போட்டு என் கையில் கொடுத்தார். செம்மண் நிறம், காது மட்டும் கறுப்பு. நானும் என் வீட்டுக்காரரும் அதுவரை சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தும் அவர் ஜன்னலைப் பார்த்தார், நான் கூடையைப் பார்த்தேன்.

கண்டக்டர் வந்தார். "கூடையில இன்னாம்மா?"

"கத்திரிக்காய்ங்க."

கத்திரிக்காய் முனகியது.

"இன்னாம்மா, காய் அழுவுது?"

என் வீட்டுக்காரர் சட்டென்று துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைக் குட்டியின் வாயில் கொடுத்தார். அது சப்பத் தொடங்கி அமைதியாகிவிட்டது. "பிஞ்சுக் காய்ங்க, அதான்" என்றார் முகத்தை நேராக வைத்துக்கொண்டு. கண்டக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். விரலை எடுத்தால் குட்டி கத்தும். ஆகவே மரக்காணம் வரும் வரைக்கும் கூடை என் மடியில், அவர் கை கூடையில். எனக்கு உள்ளங்கால் வரை கூசியது. "கடிக்குதா?" என்று கேட்டேன். "இல்ல, நல்லா இருக்குது" என்றார். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் எதற்கென்றே தெரியாமல் சிரிப்பு வந்து, முன்சீட்டு அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் ஒரே கூடம், ஒரு சமையலறை. மாமனார், மாமியார், பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார், அவள் கைக்குழந்தை, இத்தோடு நாங்கள். பெண்களுக்குக் கூடம், ஆண்களுக்கு வாசல் கொட்டகை. புதுசாகக் கல்யாணமானவர்கள் பேசிக்கொள்ள அந்த வீட்டில் ஒரு மூலை கிடையாது. தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் எதிரெதிரே வந்தால்கூட யாராவது ஒருவருக்குத் தாகம் எடுத்துவிடும்.

வந்த அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் குட்டி தாயை நினைத்து ஊளையிடத் தொடங்கியது. உள்ளங்கை அளவு நாய்க்கு அப்படி ஒரு குரல். அதற்கு முந்தின மார்கழியில்தான் கடல் ஊருக்குள் ஏறி வந்திருந்தது. நாய்க்குத்தான் முதலில் தெரியும் என்ற பேச்சு ஊர் முழுக்க இருந்தது. குட்டி ஊளையிட, தெரு நாய்களெல்லாம் பதில் கொடுக்க, பக்கத்து வீட்டில் கதவு திறந்தது. அப்புறம் எதிர் வீட்டில். ஒருவர் டிவிப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மனைவி இடுப்பில் குடத்தோடு, "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம் வருது?" என்று கத்தினாள்.

மாமியார் குட்டியைக் கழுத்தில் பிடித்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். "இதோ, இந்தப் பக்கந்தான் வந்துச்சு!"

அப்புறம் குடம் வைத்திருந்தவள் தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். சிரித்தபடியே அழவும் அழுதாள். டிவிக்காரர் தலையிலிருந்து பெட்டியை இறக்கவே மறந்து நின்றார். அந்த ஊர் ஜனங்களை நான் அன்றைக்குத்தான் முதலில் சரியாகப் பார்த்தேன். எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

எல்லோரும் கலைந்ததும் மாமனார் உத்தரவு போட்டார். "ஏம்மா, உனக்குத்தான் தெரியுமே. இதைப் பழக்கு. எலி புடிக்கணும், வீட்டையும் பாத்துக்கணும். இல்லனா ஊரையே காலி பண்ணிடும். டேய், நீயும் கூடப் போ. தனியா அனுப்பாத."

அதற்கு முன்பும் பின்பும் எங்களுக்கு அப்படி ஓர் ஆசீர்வாதம் யாரும் செய்ததில்லை.

அளத்து வேலை முடிந்து என் வீட்டுக்காரர் குளித்ததும், குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்குக் கிளம்பிவிடுவோம். தோப்புக்குள் நுழைந்தால் கடல் இரைச்சலும் சவுக்கின் இரைச்சலும் ஒன்றாகிவிடும். பேசினால் இரண்டடி தள்ளிக் கேட்காது. அதுவே எங்களுக்குப் போதும்.

பழக்கவும் பழக்கினோம். பழைய சாக்ஸில் வைக்கோலைத் திணித்து, எலி வளையில் தேய்த்து வாசனை ஏற்றி, கயிற்றில் கட்டி, இழுத்துக்கொண்டு ஓடும்படி அவரிடம் சொன்னேன். குட்டி சாக்ஸைத் துரத்த வேண்டும். அது கொஞ்ச தூரம் துரத்திவிட்டு, சாக்ஸைவிட லுங்கி நுனி நன்றாக ஆடுகிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டது. அவர் லுங்கியை ஒரு கையிலும் மானத்தை ஒரு கையிலும் பிடித்தபடி மரத்துக்கு மரம் ஓடினார்.

"உடச் சொல்லுடி! உடச் சொல்லு!"

"நின்னா உட்ரும். நில்லுங்க!"

"நின்னா லுங்கி போய்டும்டி!"

முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது இரண்டு சொல். 'இரு' என்றால் அசையாமல் உட்கார வேண்டும். 'உடு' என்றால் வாயில் இருப்பதைக் கீழே போட வேண்டும். இது வந்துவிட்டால் மற்றதெல்லாம் நாயின் ரத்தத்திலேயே இருக்கிறது என்பார் அப்பா. குட்டியை 'இரு' என்று உட்கார வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒளிந்துகொள்வார். அது மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்க வேண்டும். சீக்கிரமே இதில் ஒரு மாற்றம் வந்தது. அவரை நான் கண்டுபிடிக்கத் தொடங்கினேன். குட்டி 'இரு' போட்ட இடத்தில் ரொம்ப நேரம் இருந்தது. பொறுமையில் அந்த நாயை மிஞ்ச ஆளில்லை.

கடையில் வாங்கிய போண்டாவை மூன்றாகப் பிய்த்துத் தின்போம். அவர் அங்கேதான் என்னிடம் பேசத் தொடங்கினார். உப்பு வெயிலில் மதியம் கண்ணைத் திறக்க முடியாது என்பது, அளத்தில் நிற்கும்போது தன்னை அறியாமல் விசிலடிப்பது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பயத்தில் என் முகத்தைப் பார்க்காமலே சரி என்று சொன்னது. "அப்புறம் எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டேன். "பஸ்ல. கத்திரிக்காய்னு சொன்னியே, அப்ப" என்றார்.

தோப்பில் ஆள் வராமல் இருக்காது. சருகு கூட்டும் அம்மாக்கள், ஆடு ஓட்டி வருகிறவர்கள். யாராவது தலை தெரிந்தால் நாங்கள் இரண்டு பேரும் துள்ளி விலகி, ஆளுக்கொரு பக்கம் "தோ... தோ... புடி! சூ!" என்று கத்துவோம். நாங்கள் துள்ளுவதைப் பார்த்துக் குட்டியும் துள்ளிக் குரைக்கும். கொஞ்ச நாளில் நாங்கள் பார்ப்பதற்கு முன்பே அது குரைக்கத் தொடங்கியது. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாதையையே பார்த்துக்கொண்டிருக்கும். தூரத்தில் சருகு நொறுங்கினால் போதும், ஒரு குரை. இப்படி ஒன்றை அதற்கு யாரும் கற்றுக்கொடுக்க நினைக்கவே இல்லை. ஆனால் அதைத்தான் அது முதலில் முழுதாகக் கற்றுக்கொண்டது.

ஒருநாள் திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்தபோது மாமியார் பின்னால் வந்து என் பின்னலிலிருந்து எதையோ எடுத்தார். ஒரு சவுக்குச் சருகு. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொன்றாக எடுத்து அடுப்பில் போட்டார்.

"நாய் நல்லாப் பழகுதா?"

"பழகுதுங்க அத்தை."

"பழகட்டும், பழகட்டும்" என்றார். நான் அடுப்பைவிடச் சூடாகிவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் விடவே இல்லை. உப்பளமெல்லாம் ஒரே ஏரியாகிவிட்டது. வேலை இல்லாமல் எல்லோரும் ஒரே கூடத்தில் அடைந்துகொண்டோம். ஒழுகும் இடங்களில் வைத்த பாத்திரங்களுக்கு நடுவே நானும் அவரும் எதிரெதிர்ச் சுவரில். குட்டியை வாசற்படி தாண்டக் கூடாது என்று மாமியார் பழக்கிக்கொண்டிருந்தார், கைக்குழந்தைக்கு ஆகாதென்று. அது முன்னங்கால் இரண்டையும் படியின் மேல் வைத்து உட்காரும். மாமியார் திரும்பினால் மூக்கு உள்ளே வரும். இன்னொரு தடவை திரும்பினால் பாதி உடம்பு. கடைசியில் வால் மட்டும் வெளியே இருக்க, குட்டி முழுக்க உள்ளே படுத்திருந்தது. மாமியார் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வால் வெளியதான இருக்குது" என்று விட்டுவிட்டார். தூளியில் குழந்தை அசைந்தாலே அது ஒரு குரை குரைக்கும். நாத்தனார் துணி காயப்போட நிம்மதியாகப் போய் வந்தாள். வீட்டு நாய் வேலையில் அது பாஸ்.

வேட்டைக்கான சோதனை தையில் வந்தது. மாமியாருடைய தம்பிக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம். அறுப்பு முடிந்து அடித்தாள் நின்றது. வரப்பெல்லாம் எலி வளை. மாமனார் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, அண்டை வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போகிற மாதிரி வந்தார். "எலி மூஞ்சியை அது பாத்ததே இல்லையே" என்றார் என் வீட்டுக்காரர் என் காதில்.

வரப்பின் ஒரு பக்கம் புகை போட்டார்கள். மறுபக்க வளையில் நான் குட்டியை 'இரு' என்று உட்கார வைத்தேன். ஓர் எலி வெளியே எட்டிப் பார்த்தது. குட்டியும் அதைப் பார்த்தது. எலி வெளியே வந்து, குட்டியின் முன்னங்காலைச் சுற்றிக்கொண்டு போயே போய்விட்டது. 'இரு' என்று சொன்னேனே தவிர 'புடி' சொல்ல மறந்துவிட்டேன். குட்டி பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தது. அண்டை வீட்டுக்காரர்கள் வரப்பில் புரண்டு சிரித்தார்கள். வெட்கம் தாங்காமல் என் வீட்டுக்காரர் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவ்வளவுதான், குட்டி எழுந்து மோப்பம் பிடித்து நேராக ஓடி அவரைக் கண்டுபிடித்து, லுங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் வந்தது.

"இதுக்குத்தானாடா ஆறு மாசமாப் பழக்குனீங்க?" என்றார் மாமனார்.

அப்போதுதான் அவர் காலடி வளையிலிருந்து பெருச்சாளி கிளம்பியது. சின்னப் பூனை அளவு இருக்கும். "புடி!" என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் கத்தினோம். குட்டி லுங்கியை விட்டது. இரண்டே பாய்ச்சல்தான். கழுத்தைக் கவ்விவிட்டது. அது பாய்ந்ததைப் பார்த்தபோது என் அப்பாவின் பெட்டை நாயே வந்து நின்ற மாதிரி இருந்தது. மாமனார் ஆனந்தத்தில் கத்தினார். "ஆங்! உடு! உடு! நான் பாக்கறேன்!"

அது சொன்ன பேச்சைக் கேட்கும் நாய். அவர் காலடியில் உயிரோடு விட்டது.

மாமனார் ஆடிய ஆட்டத்தை நான் என்ன எழுதினாலும் சரியாக வராது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பின் மேலும் கீழுமாகக் குதித்தார். பெருச்சாளி அவர் இரண்டு காலுக்கும் நடுவே ஓட, குட்டி மறுபடி பாய்ந்து பிடித்து, இந்தத் தடவை ஒரே உதறலில் முடித்தது. பிறகு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெயில் சாய்வதற்குள் வரப்போரம் எலிகளை வரிசையாகப் போட்டுவிட்டது. மாமனார் குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவழியே வந்தார். டிவிக்காரர் வாசலில் நின்று கும்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் நாங்கள் வழக்கம்போலக் கயிற்றை எடுத்தோம். மாமனார் கேட்டார். "எங்க? அதான் எல்லாம் வந்துடுச்சே. இன்னும் இன்னா பழக்கறது?"

மாமியார் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"உயிரோட உட்டுச்சே உங்க கால்ல, அது பழக்கமா? இன்னும் நெறைய இருக்குது. நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றார் மாமியார்.

மாசியில் உப்பு வேலை தொடங்கியது. உப்பு விளைய வைக்கும் முன் பாத்தியின் சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தரையாக்க வேண்டும். அந்த வருஷம் நானும் போனேன். மாமனார், மாமியார், அவர், நான் என்று வரிசையாகக் கைகோத்து மிதித்தோம். குட்டியைக் கரையில் உட்கார வைத்திருந்தோம். யாரும் சொல்லாமலே அது இறங்கி வந்து, வரிசையின் கடைசியில் என் பக்கத்தில் நின்று, நாங்கள் மிதிப்பதைப் பார்த்துத் தானும் மிதிக்கத் தொடங்கியது. பிறகு மிதிப்பது போதாதென்று பாத்தியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வட்டமடித்தது.

"டேய், அது ஓடுன எடமெல்லாம் திரும்ப மிதிக்கணும்டா!" என்று மாமனார் கத்தினார். அதைப் பிடிக்கப் போய் வழுக்கி உட்கார்ந்தார். அவரைத் தூக்கப் போன என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார். அவர் கையை நான் பிடித்திருந்தேன். அடுத்த அளத்தில் உப்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். இடுப்பளவு சேற்றோடு மூன்று பேரும் எழ முடியாமல் சிரிக்க, நின்றுகொண்டிருந்த மாமியார், "எழுந்திரிங்க, வெயில் ஏறுது" என்று சொல்லிக்கொண்டே தானும் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.