பார்க்கப் போகாத இல்லம்

மகனைப் புரட்டிப் படுக்கவைக்குமுன் தவமலர் எப்போதும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். போரில் செல் குண்டு விழுந்த நாளிலிருந்து நிரூபனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

"எனக்குச் சூடு குளிர் தெரியாதெண்டு விளங்காதே அம்மா?"

"எனக்குத் தெரியுதுதானே. பேசாமல் கிட."

அவர்களுடைய ஊரான ஒட்டுசுட்டானுக்கு வந்த சமூகசேவை உத்தியோகத்தர் இரண்டு வழி சொன்னார். வீட்டில் வைத்துப் பார்த்தால் மாதக் கொடுப்பனவு வரும். தூக்கிவிட ஆள் வராது. வவுனியாவிலுள்ள அரசாங்க இல்லத்தில் பராமரிக்க ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் தாய் கூட இருக்க முடியாது.

"ஒருக்காப் போய்ப் பாப்பமே. உங்களுக்குப் பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?" என்றான் நிரூபன்.

"அருவிவெட்டு முடியட்டும். ரெண்டு பேருமாப் போய்ப் பாப்பம்."

பல அறுவடைகள் முடிந்தன. பார்க்கப் போனால் மகனை அங்கேயே வைத்துக்கொள்வார்கள் என்று அவள் பயந்தாள். போர் முடிந்தபோது சில நாளைக்குத்தான் என்று நம்பித்தானே செட்டிகுளம் அகதி முகாமுக்கும் பஸ் ஏறி, மாதக்கணக்கில் அடைபட்டிருந்தாள்.

போன மாசியில், வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள் எழும்பவில்லை. கொடுப்பனவு அடுத்த மாதமும் வந்தது. நிரூபனைப் புரட்டத்தான் ஆளில்லை.

அயலவர்கள் வாடகைக்கு வான் பிடித்து அவனை வவுனியா இல்லத்துக்கு ஏற்றினார்கள். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. இரண்டு பேருமாகப் போய்ப் பார்ப்போம் என்ற அந்த ஒரு பயணத்தை மட்டும் அம்மா அவனுக்குக் கடன் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.