பூட்டுக்கு விட்ட எண்ணெய்

அத்தான் காரில் உட்கார்ந்து சாவியைச் செருகியதும் உடனே திருப்பமாட்டார். ஒரு கையால் ஸ்டியரிங்கை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைப்பார். அதன் பூட்டு இறுக்கம் விட்ட பிறகுதான் மறு கை சாவியைத் திருப்பும். நான் அக்கா வீட்டுக்கு வந்து பதினோரு வருடமாகிறது. என் தையல் மெஷின் வாசல் பக்கத்து ஜன்னலோரம் இருப்பதால் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

காருக்கு வயது இருபத்திரண்டு. அத்தான் அதை மகராசி என்பார், அக்கா தகர டப்பா என்பாள். வாடகைக்கு ஓட்டித்தான் அவர் குடும்பம் நடத்துகிறார். சண்டை போடத் தெரியாத மனிதர். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால்கூட, "மெதுவா சார், அவளுக்கு வலிக்கும்" என்பதோடு சரி.

நிலையான வருமானம் என்று அவருக்கு இருந்தது ஒன்றுதான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா ஒருவரை, ரத்தம் சுத்திகரிப்பதற்காக வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். தாமதமானால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். "ஒரு நாள் லேட்டானாலும் வேற வண்டி பாத்துடுவேன்" என்று அந்த அம்மாவின் மகன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சாவி உள்ளே போனது. திரும்பவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. ஸ்டியரிங்கை அசைத்துப் பார்த்தார், சாவியை ஆட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு வேண்டாம்மா மகராசி, இன்னொரு நாள் கோவிச்சுக்கோ."

"நல்லா கொஞ்சுங்க!" என்று அடுப்படியிலிருந்து அக்கா கத்தினாள். "அங்க அந்தம்மா செருப்பை மாட்டிட்டு வாசல்ல நிப்பாங்க."

அத்தான் பின்பெட்டியைத் திறந்து குறடு ஒன்றை எடுத்தார். நான் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

"அத்தான், குறட்டால முறுக்காதீங்க. ஒடிஞ்சிடும்."

"வேற என்ன பண்றது? நேரம் ஆகுதே."

"நான்தான்... அதுல எண்ணெய் விட்டேன். மெஷின் எண்ணெய்."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

"நேத்தா?"

"எல்லா ஞாயித்துக்கிழமையும். அஞ்சு மாசமா."

முன்பு ஒருநாள் சாவி லேசாகச் சிக்கியதைப் பார்த்துவிட்டு நானாகச் செய்த காரியம் அது. மெஷினுக்கு நல்லதென்றால் பூட்டுக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். அத்தான் மத்தியானம் தூங்கும்போது காரைத் துடைப்பேன், அப்போது இரண்டு சொட்டு விடுவேன். சாவியில் கறுப்பாக ஏதோ ஒட்டி வருவதைக் கவனித்திருந்தேன். யாரிடமும் கேட்காமல் துடைத்துவிட்டேன். கேட்பதென்றால் பேச வேண்டுமே.

அத்தான் குறட்டைக் கீழே வைத்தார். "எண்ணெயில தூசி ஒட்டிப் பூட்டு பூரா பிசினா இருக்கும். உன் மெஷின்ல இப்படி ஆனா என்ன பண்ணுவே?"

"மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவேன்."

"அப்புறம் ஏன் நிக்கறே? கொண்டா."

தீப்பொறி பறந்துவிடாமலிருக்க அவர் பேட்டரி வயரைக் கழற்றினார். நான் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்தேன். சாவியை ஒட்டி ஒவ்வொரு சொட்டாக விட்டு, மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் ஆட்டினார். கடைசியில் சாவி முழுசாக வெளியே வந்துவிட்டது. துணியில் துடைத்தால் மை போல ஒட்டியது. மறுபடி சொட்டு, மறுபடி துடைப்பு. பத்துத் தடவையாவது இருக்கும். பிறகு, நான் துணியில் குறி போடும் பென்சிலை வாங்கி, அதன் முனையைச் சீவி, அந்தக் கரித்தூளைச் சாவியின் பற்களில் தேய்த்தார்.

"பூட்டுக்கு எண்ணெய் ஆகாது. இதுதான் ஆகும்" என்றார். அதில் கோபம் இல்லை. ஆனால் வயரை மாட்டும்போது இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கார் கிளம்பியபோது ஏழாக ஐந்து நிமிடம். அவர் போவதற்குள் மகன் வேறு வண்டி பிடித்து அம்மாவை அனுப்பிவிட்டார். அத்தான் ஆஸ்பத்திரிக்கே போய், யாரும் சொல்லாமல் நான்கு மணி நேரம் காத்திருந்து அந்த அம்மாவைத் திரும்பக் கூட்டி வந்தார். மகனோ புதிய வண்டிக்காரரிடம் மூன்று நாளுக்கும் பேசி முடித்திருந்தார். அந்த அம்மா சண்டை போட்டுத்தான் இரண்டு நாளை மீட்டுக்கொடுத்தார்களாம்.

"என்னதான் ஆச்சு?" என்று அக்கா குடைந்தாள்.

"பழைய பூட்டு. நான்தான் முன்னாடியே பார்த்திருக்கணும்" என்றார் அத்தான். மகனிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே நின்று, "நீ சொல்லலைன்னா சாவி ஒடிஞ்சு மூணு நாளும் போயிருக்கும்" என்றார். நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

இது நடந்து ஒன்றரை வருடமாகிறது. புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அத்தான் அந்த அம்மாவை அழைத்துப் போகிறார். திங்கட்கிழமை காலையில் கார் வாசலிலேயே நிற்கிறது.