விரால் சாறும் ஒரு லிட்டர் தண்ணீரும்

குவாலா கெடாவில் பள்ளி வேன் ஓட்டும் கம்சியா, ஒரே மாதத்தில் மூன்று முறை வேனின் இடப்பக்கக் கண்ணாடியை உடைத்தாள். மூன்றாவது முறை சூராவ் எனும் சிறு தொழுகைக்கூடத்தின் வேலியில் உரசியபோதுதான், பக்கவாட்டில் இருப்பது எதுவும் தன் கண்ணில் படவில்லை என்பது அவளுக்கே உறைத்தது. பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, அது கண் நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே எடுத்தார்கள். கண் விழித்ததும் ஜன்னலின் இரண்டு ஓரமும் தெரிந்தன. அழுதுவிட்டாள்.

ஐந்தாம் நாள் வீடு திரும்பினாள். அதோடு சந்தோஷம் தீர்ந்தது.

மூக்கைச் சிந்தக் கூடாது. உள்ளே ரத்தம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. வெளி வாசனை எதுவும் தெரியவில்லை. மீன் கூடையை வெயிலில் மறந்துவிட்டது போல ஓர் அழுகல் நாற்றம் மட்டும் மண்டைக்குள் நின்றது. தொண்டையில் வழிவதைத் துப்பும்போதெல்லாம் தன் உடம்பே தனக்கு அசிங்கமாக இருந்தது.

கணவன் ரொஸ்டியின் மூத்த சகோதரி, எல்லோருக்கும் காக் லோங், அதாவது பெரியக்கா, பாத்திரங்களோடு வந்து இறங்கினாள். அறுவைப் புண் ஆற விரால் சாறுதான் கைகண்ட மருந்து என்பது அவள் கட்சி. வேளைக்கு ஒரு பெரிய கிண்ணம். நடுநடுவே இளநீர், பார்லித் தண்ணீர்.

"காக் லோங், ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல எதுவும் குடிக்கக் கூடாதுன்னு பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்காங்க."

"பேப்பரா வந்து புண்ணை ஆத்தும்? இது தண்ணியாடி? சாறு! மூக்கைப் பிடிச்சிட்டுக் குடி."

"மூக்கைத் தொடவே கூடாதுங்குறேன்!"

"அப்போ பிடிக்காமக் குடி."

ரொஸ்டி அந்தத் தாளைக் குளிர்ப்பெட்டிக் கதவில்தான் ஒட்டியிருந்தான். அதன் மேலேயே காக் லோங் மீன் கடைச் சீட்டை ஒட்டிவிட்டாள்.

ஏழாம் நாள் தலை சுற்ற ஆரம்பித்தது. எழுந்தால் தரை படகு மாதிரி ஆடியது. "உடம்புல ஈரம் பத்தல" என்று இன்னும் இரண்டு இளநீர் வெட்டினாள் காக் லோங். பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, வாயில் பலகாரத்தை வைத்துக்கொண்டே அவள் மூக்குத் துவாரத்தை எட்டிப் பார்த்தார்கள். "ஐயே, இதுக்குள்ளயா கத்தி போச்சு?" மென்ற மாவு அவர்கள் பல்லில் அப்பியிருந்தது. கம்சியாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

எட்டாம் நாள் காலை, சாற்றின் மேல் மிதந்த எண்ணெய் வளையங்களைப் பார்த்த மாத்திரத்தில் படுக்கையிலேயே வாந்தி எடுத்தாள். துடைக்க வந்த கணவனைக் கூப்பிட வாயெடுத்தாள். பெயர் வரவில்லை. இருபது வருஷமாகக் கூப்பிட்ட பெயர்! பயத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், மீன் சீட்டைக் கிழித்தெறிந்து, தாளின் அடியில் இருந்த எண்ணுக்குத் தானே போன் போட்டாள்.

"எவ்வளவு குடிச்சீங்க, அக்கா?" என்றாள் நர்ஸ்.

"கணக்கே இல்ல. ஊத்திக்கிட்டே இருக்காங்க."

"இனி ஒரு வாய்கூட வேணாம். உடனே கிளம்பி வாங்க."

ரத்தத்தில் உப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. இந்த அறுவைக்குப் பிறகு ஒரு வாரத்தில் சிலருக்கு உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், குடிக்கக் குடிக்க உப்பு கரைந்துபோகும் என்றார் டாக்டர். ரொஸ்டி தலை குனிந்து நின்றான்.

"அந்தத் தாளை ஒட்டுனது நீங்கதானே? அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா?" என்றாள் கம்சியா.

நாலு நாள் அளந்து அளந்து தண்ணீர். ஊசி வழியே உப்பு. தலைசுற்றல் மெல்ல நின்றது. மூன்றாம் நாள் காக் லோங் பிளாஸ்க்கோடு வார்டுக்கு வந்தாள்.

"முகம் தெளிஞ்சிருச்சே! எல்லாம் என் சாறு செஞ்ச வேலை."

கம்சியா பிளாஸ்க்கை வாங்கினாள். அவள் பார்க்கப் பார்க்கத் தொட்டியில் கவிழ்த்தாள்.

மூன்று மாதம் கழித்துக் கண் பரிசோதனையில் தேறி மறுபடி வேனில் ஏறினாள். சுரப்பிக்காகத் தினமும் போடும் காலை மாத்திரையைத் தாமதித்தால் இன்றும் தலை லேசாகக் கிறுகிறுக்கும். வாசனை பாதிதான் திரும்பியது. காக் லோங் ஊரெல்லாம் அவளைத் திமிர் பிடித்தவள் என்கிறாள். சொல்லட்டும் என்று கம்சியாவும் விட்டுவிட்டாள். காக் லோங் வீட்டில் நடந்த கல்யாண விருந்துக்குக்கூட அவள் போகவில்லை.