ரேணுகா அக்காவின் கதைகளுக்கு என் பெயர் இருந்த காலம்

குளோரின் தண்ணீரில் கழுவிய செலரியின் வாசனை... இரண்டு கையுறை போட்டாலும் விரல்களில் ஏறிவிடும். சிட்னிக்குப் படிக்க வந்த புதிதில் சாலட் பொதி செய்யும் ஒரு ஃபேக்டரியில் பகுதிநேர வேலை செய்தேன். உள்ளே எந்நேரமும் ஃபிரிட்ஜ் குளிர். வாய் திறந்தால் புகை வரும்.

செலரி நகர்ந்து வரும் பெல்ட்டில் எனக்கு எதிரே நின்றவர் ரேணுகா அக்கா. ஊரில் பௌதிகம் படிப்பித்தவர். படகில் வந்தவர். அகதிக் கோரிக்கைக்கு முடிவு வராமல் ஐந்தாவது வருடமாக பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியில் இருந்தார்.

அவர் கேட்கும் கேள்விகள்தான் முதலில் என்னை இழுத்தன. பூமியின் ஈர்ப்பு பாதியாகக் குறைந்தால் எப்படி பிரேக் பிடிப்பாய் என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வியட்நாம்காரரிடம் கேட்பார். அந்த மனிதரும் யோசித்து, அடுத்த நாள் ஒரு பதிலோடு வருவார்!

ஏன் இதெல்லாம் கேட்கிறீர்கள் என்று ஒருநாள் தேநீர் இடைவேளையில் கேட்டேன். பையைத் திறந்து ஒரு கொப்பியைக் காட்டினார்.

"நான் விஞ்ஞானக் கதை எழுதிறனான்."

அன்றே வாசித்தேன். இரண்டு சூரியன்கள் உள்ள ஒரு கிரகம். அங்கே பிறந்தவர்களுக்கு இரண்டு நிழல். வேறு இடத்திலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு ஒன்றுதான். இரண்டாவது நிழல் விழும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும்... செலரி பெல்ட்டில் நிற்கும் ஒருவருடைய தலைக்குள் இப்படி ஒரு உலகம் எங்கிருந்து வந்தது?

தமிழர் அதிகம் வாழும் பென்டில் ஹில்லின் மளிகைக் கடைகளில் அப்போது ஒரு சின்னத் தமிழ்ச் சஞ்சிகை கிடைக்கும். அதற்கு அனுப்பச் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"நான் சொன்னதை இமிகிரேஷன்காரர் நம்பினால்தான் என்ர கேஸ் நிக்கும். கற்பனையில எழுதிற ஆள் எண்டு தெரிஞ்சால், அதையும் கட்டின கதை எண்டு நினைச்சிட்டாங்கள் எண்டால்?"

அந்தப் பயம் சரியா பிழையா, எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

"புனைபெயர் வைக்கலாமே அக்கா?"

"புனைபெயர் எண்டால் ஆரெண்டு தேடுவினம். உம்மட பேர் எண்டால் ஒருத்தரும் தேட மாட்டினம், சுகந்தி."

அப்படித்தான், நான் தட்டச்சு செய்து அனுப்ப, அந்தக் கதை என் பெயரில் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னும் மூன்று.

கடைக்குப் போனால், "நீர்தானே அந்தக் கதையள் எழுதிற பிள்ளை?" என்று கேட்பார்கள். நான் சிரித்து மழுப்புவேன். உண்மையைச் சொன்னால்... அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் சஞ்சிகைக்காரர்கள் ஒரு வாசகர் கூட்டம் வைத்தார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ரேணுகா அக்கா கடைசி வரிசையில் இருந்தார். ஓய்வுபெற்ற என்ஜினியர் அங்கிள் ஒருவர் எழும்பினார்.

"பிள்ளை, ரெண்டு சூரியன் எண்டால் எல்லாருக்கும் ரெண்டு நிழல் விழவேணும். வந்த ஆக்களுக்கு மட்டும் எப்பிடி ஒண்டு?"

தட்டச்சு செய்தபோது அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. மைக்கைப் பிடித்தபடி நிற்கிறேன்... சபை பார்க்கிறது...

பின்னாலிருந்து ஒரு குரல்.

"ரெண்டாவது சூரியன்ர வெளிச்சம் வேற மாதிரி, ஐயா. வெளியில இருந்து வாற உடம்புக்குள்ளால அது அப்பிடியே ஊடுருவிப் போயிடும். அந்த மண்ணில விளைஞ்சதைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, கனகாலம் போனாப் பிறகுதான் உடம்பு அதை மறிக்கும். அப்பதான் நிழல் விழும்."

ரேணுகா அக்கா எழுந்து நின்று, கைகளால் காற்றில் கோடு கீறிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து வருடம் மறந்திருந்த வகுப்பறை அவர் குரலுக்குள் திரும்பியிருந்தது.

"நீங்களே எழுதியிருக்கலாம் போல கிடக்கு!" என்றார் அங்கிள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு மெதுவாகக் கதிரையில் அமர்ந்தார்.

கூட்டம் முடிந்து இருவரும் ரயிலில் டூங்கபிக்குத் திரும்பினோம். "வாயை அடக்க ஏலாமல் போச்சு சுகந்தி... ஆராவது கண்டுபிடிச்சிருப்பினமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதன்பிறகு பல மாதங்கள் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் அக்காவின் ஃபோன் வந்தது.

"விசா கிடைச்சிட்டுது."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவரே சொன்னார், "இனி என்ர பேரில எழுதப்போறன். உமக்குக் கவலையோ?"

"இல்லை அக்கா," என்றேன். முழுக்க உண்மை இல்லை.

இருவரும் போய் சஞ்சிகை ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அண்டைக்கு மண்டபத்திலயே எனக்கு விளங்கிட்டுது. சொல்லுற நேரம் நீங்கள் சொல்லுவியள் எண்டு இருந்தனான்," என்றார். அடுத்த இதழில் ஐந்து கதைகளுக்கும் உரிய பெயரை அறிவித்தார்.

இன்று ரேணுகா அக்கா மெல்பனில், கிரான்பர்னில் இருக்கிறார். மீண்டும் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். மூன்று தொகுப்புகளும் இரண்டு நாவல்களும் வந்துவிட்டன. நான் ஆபீஸ் வேலையில் ஈமெயில் மட்டுமே எழுதுகிறேன். கடைகளில் என்னை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

போன கிழமை அவருடைய இரண்டாவது நாவல் தபாலில் வந்தது. நல்ல அட்டை, நல்ல தாள். ஒரே மூச்சில் வாசித்தேன். அருமையாக இருந்தது.

ஆனாலும்... அந்த நாட்களில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது பாதிக் கதையைச் சொல்லி நிறுத்துவார். "பிறகு என்ன அக்கா?" என்றால், "எனக்கும் தெரியேல்ல, பாப்பம்," என்பார். அவருக்கே தெரியாத முடிவுக்காக இரண்டு பேரும் காத்திருப்போம்.

இப்போது எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் கதை என்னிடம் வருகிறது.