போதும் என்று சொல்லும் அணு

என் அக்கா புருஷன் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் மேற்பார்வையாளர். சோற்றில் ஒரு முடி கிடந்தால் போதும், அண்டாவோடு கொட்டச் சொல்வார்; அன்றைக்குச் சமைத்த அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். முடியும் போய்விடும், சாப்பாடும் போய்விடும். இதற்குப் பெயர் கண்டிப்பாம்.

இவ்வளவு சுத்தம் பார்க்கிற மகான், கோழி வெந்துவிட்டதா என்று பார்க்க, குழம்பு கொதிக்கத் தொடங்கும்போதே ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார். தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்தால், "என் நாக்கை விடவா?" என்பார். போன வாரம் அந்த நாக்கு ஏமாந்தது. காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டுவிட்டார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "கோழியில இருந்த பாக்டீரியா உள்ள போயிருக்கு. அதை அடிக்க வந்த வெள்ளையணுக்கள் கண்மண் தெரியாம அடிச்சதுல, குடல் சுவரும் சேந்து புண்ணாயிடுச்சு."

அக்கா புருஷனின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா மச்சான், என் ஆளுங்க எப்படி அடிச்சிருக்காங்கன்னு!"

புண்ணானது யார் குடல் என்று கேட்க நினைத்தேன்.

"'போதும், நிறுத்து'ன்னு அடக்குற அணுக்களும் உண்டு," என்றார் டாக்டரம்மா. "அதுங்க வேலை செஞ்சாதான் புண் ஆறும்."

அக்கா போர்வையைச் சரிசெய்தபடி கேட்டாள்: "குளுக்கோஸ் மாதிரி அதையும் வெளியிலேருந்து ஏத்த முடியுமா டாக்டர்? இவர் உடம்புல அது இருக்க வாய்ப்பே இல்ல."